பழைய சேலையில் தொடங்கும் காந்தா

பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, எல்லா அடுக்குகளிலும் ஏறி இறங்கும்படி ஊசிநூல் ஓட்டி, ஒரே துணியாக்கினால் அது காந்தா. வங்காள வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இது. இதற்காகக் கடையில் வாங்க வேண்டியது ஊசியும் கொஞ்சம் நூலும்தான். அந்தக் காலத்தில் நூலைக்கூட வாங்கவில்லை. சேலைக் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமாக இழைகளை உருவிக்கொண்டார்கள். துணி அடுக்கித் தைக்கப் புதிதாகப் பழக நினைப்பவருக்கு, பெட்டியில் அடைத்து விற்கும் ‘குவில்ட்டிங்’ சாமான்களைவிட இந்த வழி எளிது. செலவும் அநேகமாக இல்லை.

மேல்நாட்டுக் குவில்ட்டுக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. காந்தாவில் நடுவே பஞ்சு கிடையாது. சேலையின் மடிப்புகளே அந்த வேலையைச் செய்துவிடும். கொல்கத்தாவின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பெரும்பாலும் 12, 14 டிகிரியோடு நின்றுவிடுவதால் நான்கைந்து அடுக்குப் பருத்தியே தாராளம். அதற்கும் மேல் கதகதப்பு வேண்டுமென்றால் பஞ்சு அடைத்த ‘லேப்’ இருக்கிறது. சிவப்பு ஷாலுத் துணியில் தைத்த கனத்த ரஜாய் அது. குளிர் தொடங்கும்போது பஞ்சு அடிக்கும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் நாணைச் சுண்டி ஒலியெழுப்பியபடி ‘துனுரி’கள் தெருத்தெருவாக வருவார்கள். லேப் அவர்களுடைய தொழில். காந்தாவோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மடியில் போட்டுத் தைக்கும் வீட்டு வேலை.

ஒரே வேலைக்குப் பயனைப் பொறுத்துப் பல பெயர்கள் வந்தன. படுக்கையில் விரிப்பது சுஜனி. புத்தகத்தையும் மதிப்புள்ள பொருளையும் சுற்றிவைப்பது பைட்டன், தலையணைக்குப் போடுவது ஓர், கண்ணாடியும் சீப்பும் வைத்துச் சுருட்டுவது ஆர்ஷிலதா. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று பாட்டியின் நைந்த சேலையில் காந்தா தைப்பது இன்றும் உண்டு. பலர் உடுத்துத் துவைத்து மெலிந்த துணிதான் பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதமானது என்பதைத் தூளிக்கு அம்மாவின் பழைய சேலையைத் தேடும் தமிழ் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பூவேலைப்பாடு மிகுந்தது நக்ஷி காந்தா. நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ, இடையிடையே யானை, படகு, பல்லக்கு, ரயில் என்று தைப்பவர் கண்ணில் பட்டதெல்லாம் அதில் வந்து உட்காரும். தரையில் மாவால் போடும் ஆல்பனாவின் உருவங்களே பல இடங்களில் துணிக்கு ஏறியிருக்கின்றன, நம் கோலம் சேலைக்கு வந்ததுபோல. இவற்றில் பழையதும் சிறந்ததும் சேர்ந்த இடங்களில் ஒன்று, கொல்கத்தாவின் தென்மேற்கு விளிம்பிலுள்ள ஜோகா. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941), பிரிக்கப்படாத வங்காளத்தின் மாவட்டங்களில் பணியாற்றியபோது ஊர் ஊராகச் சேர்த்த நாட்டுக் கலைப்பொருள்களுக்காக 1963-இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதில் மானதாசுந்தரி தாசி தன் தந்தைக்காகத் தைத்த 19-ஆம் நூற்றாண்டுக் காந்தா புகழ்பெற்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் வங்காளக் கனவான்களும் அதில் கலந்து நிற்கிறார்கள். தைத்தவர் தன் பெயரையும் ஊசியாலேயே எழுதிவைத்திருக்கிறார். பெயர் தெரியாமல் போன ஆயிரக்கணக்கான கைகளுக்கு நடுவே இது அபூர்வம்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாக்களைச் சேகரித்தார். 1939-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தக் கந்தல் போர்வையைக் கலையாகப் பார்க்கப் பலரைத் தூண்டியது. அவருடைய சேகரிப்பு இப்போது அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் மறையத் தொடங்கிய கைவேலைக்கு 1980-களில் மறுவாழ்வு கொடுத்தவர்களில் கொல்கத்தாவின் ஷாம்லு துதேஜா முக்கியமானவர். கிராமத்துப் பெண்களின் தையலுக்கு நகரத்தில் வாடிக்கையாளர்களை உண்டாக்கினார். 2008-இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரின் ப்ரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-லும், பீர்பூம் மாவட்டத்தின் தக்தீரா பேகத்துக்கு 2024-லும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சென்னைக் கண்காட்சிகளில் தொங்கும் ‘காந்தா ஸ்டிச்’ பட்டுச் சேலைகள் இந்த மறுவாழ்வின் வாரிசுகள். அழகுதான், ஆனால் ஒற்றைப் புதுத்துணியில் பூப்போட்டிருப்பதால் அடுக்குத் துணியின் மெத்தும் நெளிவும் அவற்றில் இராது. பழக நினைப்பவர் அந்தச் சேலையை மாதிரியாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

முதல் வேலை துணி தேர்வது. பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பருத்திச் சேலை வேண்டும். புதுத்துணியில் ஊசி இறங்க மறுக்கும். மூன்று அடுக்குக்கே விரல் புண்ணாகிவிடும். நைலக்ஸ், பாலியெஸ்டர் கலந்தவை வழுக்கும், அவற்றைப் பருத்தியோடு சேர்க்கவே கூடாது. சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். சிவப்பும் கருநீலமும் இதில் ஏமாற்றக்கூடிய நிறங்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் கொல்கத்தாத் தெருக்களிலும் உண்டு. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்காக நல்ல ‘தாந்த்து’ (வங்காளக் கைத்தறிப் பருத்தி) சேலையைக் கொடுத்துவிடாமல் இருந்தாலே பாதித் துணி சேர்ந்துவிடும்.

நூலுக்குக் கரையிழை உருவ இன்று யாருக்கும் பொறுமை இருக்காது. கொல்கத்தாவின் கரியாஹாட், ஹாத்திபாகான் கடைத்தெருக்களில் கிடைக்கும் ஆறிழைப் பூத்தையல் நூலே போதும். அதில் இரண்டு இழையை மட்டும் பிரித்துக் கோக்க வேண்டும். முழங்கையளவுக்கு மேல் நூல் நீண்டால் சிக்கும். ஊசி 7 முதல் 9 எண் வரை இருக்கலாம். எண் ஏற ஏற ஊசி மெலியும். வட்டச் சட்டம் வேண்டாம். சட்டத்தில் இறுக்கினால் துணி நெளிவதற்கு இடமில்லாமல் போகும்.

முதல் முயற்சியாகப் படுக்கை விரிப்பில் கைவைப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிறுத்துகிறார்கள். தொடங்க ஒன்றரை அடிச் சதுரம், இரண்டே அடுக்கு போதும்: குழந்தைத் துணியாகவோ மேசை விரிப்பாகவோ பயன்படும் அளவு. தையல் ஏற ஏறத் துணி சுருங்குவதால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிரு அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். துணிகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் கனமான பொருள் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவ வேண்டும். பெரிய காந்தாவுக்கு இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தால்தான் ஆகும். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவைத்த வேலை இதுவே. பிறகு அடுக்குகள் நகராதபடி நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசையாக நீளத் தையல் போட வேண்டும். கடைசியில் பிரித்துவிடப்போகும் தையல் என்பதற்காக இதைத் தவிர்த்தால், நாலாம் நாள் அடித்துணி ஒரு பக்கம் திரண்டு நிற்கும்.

கோடு வரைந்து, முதலில் உருவத்தின் விளிம்பை அடர்ந்த நிறத்தில் ஓட்டி, உள்ளே நிரப்பி, அதன் பின்னரே வெற்றிடத்துக்கு வருவது வழக்கம். எங்கும் ஒரே தையல்தான்: ஊசி மேலேறிக் கீழிறங்கிப் போகும் ஓட்டத் தையல். வெற்றிடத்தை வெள்ளை நூலால் உருவத்தைச் சுற்றிச் சுற்றி, கால் அங்குல இடைவெளிக்குள் வரிசையாக நிரப்புகிறார்கள். ஒரு வரிசையில் நூல் தெரியும் இடத்துக்கு நேராக அடுத்த வரிசையில் இடைவெளி வந்தால், துணி ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு திசையில் இழுபடுகிறது. காந்தாவின் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய அலை இப்படித்தான் வருகிறது. அதற்கு நூலைச் சற்று விறைப்பாக இழுக்க வேண்டும். அளவு மீறினால் அலை போய்ச் சுருக்கம் வந்துவிடும். கை பழக ஒரு சதுரமாவது ஆகும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே புதைப்பதால் நல்ல காந்தாவில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று எளிதில் சொல்ல முடியாது.

துண்டுத் துணிகளை இணைக்கும் ஒட்டுவேலை இதற்கு அடுத்த படி. கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே போய் முழுதும் ஒட்டாகிவிட்ட காந்தாக்கள் உண்டு. தையற்கடை வெட்டுத்துணிகளில் தொடங்கலாம். எல்லாத் துண்டுகளும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஓரம் கால் அங்குலம் விட்டுத் தைத்து, ஒவ்வொரு இணைப்பையும் இஸ்திரி போட்டுப் படியவைக்க வேண்டும். கோணல் வருவது பெரும்பாலும் ஊசியால் அல்ல, வெட்டும்போதுதான். அளந்து வெட்டப் பிடிக்காதவருக்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் ‘கவந்தி’ ஏற்றது. ஆப்பிரிக்க வழிவந்த இந்த மக்களின் பெண்கள் அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டின் விளிம்பை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிவந்து நடுவில் முடிக்கிறார்கள். முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. நான்கு மூலைகளிலும் பூவாக மடித்த துண்டு வைக்காவிட்டால் போர்வை முழுமையடையவில்லை என்பது அவர்கள் வழக்கம்.

தைத்து முடித்த பிறகு தற்காலிகத் தையலைப் பிரித்து, ஓரத்தை உள்மடித்துத் தைக்கலாம். பழைய சேலைக் கரையை நீளமாகக் கிழித்து விளிம்பாக வைத்தால் இன்னும் உறுதி. முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக, முறுக்கிப் பிழியாமல். நிழலில் கிடத்தி உலர்த்த வேண்டும். ஈரக் கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நைந்த அடுக்குகள் இழுபட்டுக் கிழியும். மழைக்காலத்தில் கொல்கத்தாவின் ஈரக்காற்றுக்குப் பூசணம் பிடித்துவிடும் என்பதால், வெயில் வரும் நாளில் எடுத்துக் காற்றாட விரித்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பில் மடித்து வைக்கிறார்கள்.