நாடில்லாத மக்கள் கட்டிய பாடசாலை

19ஆம் நூற்றாண்டின் உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடு இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் 1795இல் அதை முற்றாகக் கூறுபோட்டுக் கொண்டன. 1918 வரை அந்நிலை தொடர்ந்தது. பிரஷ்யா ஆண்ட பகுதியில் பாடசாலைகளிலிருந்து போலிஷ் மொழி படிப்படியாக அகற்றப்பட்டது. 1901இல் விஜெஸ்னியா என்ற சிறு நகரில், சமய பாடத்தை ஜேர்மன் மொழியில் படிக்க மறுத்த பிள்ளைகள் அடிக்கப்பட்டனர். எதிர்த்துக் கேட்ட பெற்றோர் சிலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

வறுமையும் அடக்குமுறையும் துரத்தியதால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய போலந்து மக்களில் பெருந்தொகையானோர் சிக்காகோவில் குடியேறினர். இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் உழைத்தனர். அவர்கள் 1864இல் ஒரு சங்கம் அமைத்தனர். அதிலிருந்தே 1867இல் புனித ஸ்தனிஸ்லாஸ் கொஸ்கா பங்கு பிறந்தது. அந்நகரின் முதலாவது போலந்துப் பங்கு அதுவே.

1863இல் ரஷ்ய ஆட்சிக்கெதிராக எழுந்த கிளர்ச்சியில் தொடர்புபட்டு நாட்டை விட்டு வெளியேறியவர் அருட்தந்தை வின்சென்ட் பார்சின்ஸ்கி. 1874 முதல் 1899 வரை அவரே பங்குத்தந்தை. அவர் காலத்தில் அது அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்றாக வளர்ந்தது. பங்குப் பாடசாலையில் நோத்ர டாம் சபை அருட்சகோதரிகள் மிகச் சொற்ப ஊதியத்துக்குக் கற்பித்தனர்.

அரச பாடசாலைகள் இலவசமாக இருந்தும் தனிப் பாடசாலை எதற்கு? அக்கால அரச பாடசாலைகளில் புரட்டஸ்தாந்து சமயச் சாயல் இருந்தது. ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் பாடசாலை அமைக்க வேண்டுமென 1884இல் பால்ற்றிமோர் நகரில் கூடிய ஆயர்கள் பணித்தனர். போலந்து மக்களுக்கோ இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் தடுக்கப்பட்ட மொழியைப் பிள்ளைகள் அச்சமின்றிப் படிக்க ஓரிடம் வேண்டியிருந்தது. அதற்காக, அரச பாடசாலைக்கு வரியும் கட்டி, தங்கள் பாடசாலைக்கும் கூலிப்பணத்திலிருந்து கொடுத்தனர்.

புதிய நாட்டிலும் அந்த மொழிக்கு நெருக்கடி வந்தது. ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென இலினோய் மாநிலம் 1889இல் சட்டம் இயற்றியது. ஜேர்மன் குடியேறிகள் முன்னின்று எதிர்க்க, 1893இல் அது நீக்கப்பட்டது. ஆனால் 1916இல் சிக்காகோ பேராயர் மண்டலைன், மறைக்கல்வியும் வாசிப்பும் தவிர்ந்த பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்குமாறு பணித்தார். அரசால் முடியாததைத் திருச்சபையே செய்தது என்ற மனக்கசப்பு பலரிடம் எஞ்சியது.

பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினர். ஆயினும் போலிஷ் அழிந்துவிடவில்லை. சிக்காகோவில் பெற்றோர் நடத்தும் சனிக்கிழமைப் பாடசாலைகளில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. கொஸ்கா ஆலயத்தில் இப்போது போலிஷ், ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் திருப்பலி நடக்கிறது. ஒரு மக்கள் தங்களுக்காகக் கட்டிய வாசல், பின்னால் வந்த குடியேறிகளுக்கும் திறந்திருக்கிறது.