பேயைக் காணோமென்று கோபித்தவர்கள்

பேய்ப்படம் பார்க்கப் போனவர், ‘பேய் இல்லையே!’ என்று வழக்காடுவதுண்டோ? 2012இல் வெளிவந்த ‘பீட்சா’ அவ்வழக்கைக் கிளப்பிற்று. கார்த்திக் சுப்பராஜின் முதற் திரைப்படம்; சிறு முதலில் ஆனது. பீட்சா கொண்டுசென்ற இளைஞன் பங்களாவொன்றில் அகப்பட்டு, கொலையுண்டோர் நடுவே ரோச் வெளிச்சத்தையே துணையாகக் கொண்டு அலைகிறான். விஜய் சேதுபதியின் நடிப்பால் நாமும் கூடவே அலைகிறோம். ஈற்றிலோ, அத்தனையும் கவர்ந்த வைரங்களை மறைக்க அவன் முதலாளியிடம் கட்டிய கதையாம்!

இவ்வளவு பயந்ததும் வீணோ என்பது ஒரு சாராரின் முறைப்பாடு. ஏமாந்ததே இன்பமென்பது மறுசாரார் கட்சி.

நாம் இரண்டாம் கட்சி. 1990இன் பின் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் குப்பி விளக்கோடு இராக்கழித்த யாழ்ப்பாணத்தார் ஒன்றறிவர்: சுடரின் எல்லைக்கு அப்பால் நிற்கும் இருளே அச்சத்துக்குப் போதும். அவ்விருளைப் பெருஞ்செலவின்றித் திரையிற் பிடித்தது இயக்குநரின் கெட்டித்தனம்.

ஆயினும், கடைசிக் காட்சியில் மெய்யாகவே பேய் வந்ததோவென ஐயுற வைத்தாரே! அது முதற்கட்சியாருக்குக் கொடுத்த கைக்கூலி போலும்.