சிறுவட்டு மீட்பு (இசட்/விஎம்)

சிறுவட்டு மீட்பு என்பது ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இசட்/விஎம் இயக்குதளத்தின் கீழ் இயங்கும் மெய்நிகர் பொறி ஒன்றின் வட்டு சிதைவுறும்போது, அதிலுள்ள தரவுகளைத் திரும்பப் பெறும் பணி ஆகும். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான மெய்நிகர் பொறிகள் இயங்கக்கூடும். ஆதலால் மீட்பின்போது இழைக்கப்படும் சிறு பிழையும் தொடர்பில்லாத வேறொரு பயனரின் வட்டை அழித்துவிடக்கூடும்.

வரலாறு

மெய்நிகர் பொறி என்னும் கருத்து 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ச் அறிவியல் மையத்தில் உருவானது. விஎம்/370 இயக்குதளம் 1972இல் அறிவிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான இசட்/விஎம் 2000இல் வெளிவந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 இக்குடும்பத்தைச் சேர்ந்த கணினியே. எனினும் விஎம்/370க்குத் தேவையான முகவரி மாற்ற வன்பொருள் 155 மாதிரியில் தொடக்கத்தில் அமைந்திருக்கவில்லை. அதனைப் பின்னர் தனியே சேர்க்க வேண்டியிருந்தது.

சிறுவட்டின் அமைப்பு

மினிடிஸ்க் எனப்படும் சிறுவட்டு, மெய்யான வட்டு ஒன்றில் தொடர்ச்சியாக அமைந்த சில உருளைகளின் தொகுதியாகும். 3390 வகை வட்டில் ஓர் உருளைக்கு 15 தடங்களும், ஒரு தடத்திற்கு 56,664 பைட்டுகளும் உண்டு. அவ்வகையின் மூன்றாம் மாதிரியில் 3,339 உருளைகள் உள்ளன. எந்த உருளையிலிருந்து எத்தனை உருளைகள் எந்தப் பயனருக்கு உரியவை என்பதைப் பயனர் அடைவு என்னும் கோப்பு குறித்து வைக்கிறது.

இதனை ஒரு புல எண்ணின் உட்பிரிவுகளோடு ஒப்பிடலாம். நிலத்தில் வேலி கிடையாது. எல்லை பதிவேட்டில் மட்டுமே உள்ளது. பதிவேடு தவறினால் பக்கத்து வயலில் ஏர் ஓடும். சுழியாம் உருளையில் மெய்வட்டின் பெயர்ச்சீட்டு இருப்பதால், சிறுவட்டுகளை 1ஆம் உருளையிலிருந்து தொடங்குவது வழக்கம்.

சிதைவின் காரணங்கள்

வன்பொருள் பழுதைவிட மனிதத் தவறே பெரும்பாலும் காரணமாகிறது. அவற்றுள் முதன்மையானது ஒரே சிறுவட்டை இருவர் எழுதும் உரிமையுடன் இணைத்துக்கொள்வது. சிஎம்எஸ், லினக்சு ஆகிய இரண்டும் வட்டின் அட்டவணையைத் தத்தம் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் பழைய அட்டவணையை மேலெழுதிவிடுவார். லிங்க் கட்டளையின் எம்டபிள்யூ முறை இதனைத் தடுப்பதில்லை. தனித்தனி இசட்/விஎம் அமைப்புகள் ஒரே மெய்வட்டைப் பகிரும்போது இடர் மேலும் கூடுகிறது. 2011இல் வெளிவந்த 6.2 பதிப்பின் ஒற்றைப் படிம வசதி, பல அமைப்புகளை ஒரே கொத்தாக இணைத்து இவ்வாறான இணைப்புகளைக் கண்காணிக்கிறது.

அடைவில் இரு சிறுவட்டுகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது இன்னொரு காரணம். டிஸ்க்மேப் என்னும் நிரல் இதனைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது மிகவும் வருந்தத்தக்கது. லினக்சு வட்டைச் சிஎம்எஸ் சூழலில் அணுகினால் 112 எண்ணுள்ள சாதனப் பிழைச் செய்தி தோன்றும். வட்டு கெட்டுவிட்டதென்று இதற்குப் பொருளன்று. அது சிஎம்எஸ் வட்டாக இல்லை என்றும் பொருள்படலாம். புதியவர்கள் அஞ்சி ஃபார்மேட் கட்டளையை இடுகின்றனர். நலமாயிருந்த வட்டு அப்போதுதான் அழிகிறது.

மீட்கும் முறை

முதலில் அந்த மெய்நிகர் பொறியை வெளியேற்ற வேண்டும். அது இயங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகல் முன்னுக்குப்பின் முரணாக இருக்கும். பின்னர் வட்டைப் படிக்கும் உரிமையுடன் மட்டும் இணைத்து, டிடிஆர் நிரல் கொண்டு அதே வகையைச் சேர்ந்த, அளவில் குறையாத வெற்று வட்டிற்கு முழுமையாக நகலெடுக்க வேண்டும். உள்ளீட்டு வட்டையும் வெளியீட்டு வட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் மீட்பதற்கு எதுவும் எஞ்சாது என்பதால், இவ்விடத்தில் இருமுறை சரிபார்த்தல் நன்று. இனிவரும் செயல்கள் யாவும் நகலின் மீதே நிகழ வேண்டும்.

லினக்சு வட்டாயின், நலமாக உள்ள வேறொரு லினக்சு விருந்தினர் பொறியில் நகலை இணைத்து, இயங்கு நிலைக்குக் கொணர்ந்து, கோப்பு முறைமைச் சோதனையை முதலில் மாற்றம் செய்யாத முறையில் ஓட்டிப் பார்க்கலாம். எக்சுடி வகைக் கோப்பு முறைமையில் முதன்மைத் தொகுதி கெட்டிருந்தால் அதன் மாற்றுப் படிகள் உண்டு. 4,096 பைட்டுத் தொகுதிகள் கொண்ட வட்டில் அவற்றுள் முதலாவது 32,768ஆம் தொகுதியில் வழக்கமாக இருக்கும். செப்பனிட்ட பின் கருனிக் கோப்பு இடம்மாறியிருந்தால் சிப்ல் கட்டளையை மீண்டும் இயக்க வேண்டும். தொடக்க நிரல் அக்கோப்பை வட்டிலுள்ள இடத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது.

சிஎம்எஸ் வட்டுகளில் சேதம் சற்றுக் குறைவு. புதிய அட்டவணையை வெற்றிடத்தில் எழுதி முடித்த பின்னரே பெயர்ச்சீட்டு அதனைச் சுட்டுமாறு மாற்றப்படுகிறது. எனவே இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய அட்டவணை பிழைத்திருக்கும். படிக்க இயலும் கோப்புகளை வேறு வட்டிற்கு நகலெடுத்து, எஞ்சியவற்றைக் காப்புநகலிலிருந்து பெறுவதே நடைமுறை.

அடைவுப் பதிவு அழிந்த வட்டு

சிறுவட்டின் பதிவு அடைவிலிருந்து தவறுதலாக நீக்கப்பட்டாலும், தரவுகள் மெய்வட்டில் அப்படியே இருக்கும். அதே மெய்வட்டு, அதே தொடக்க உருளை, அதே அளவு ஆகியவற்றுடன் பதிவை மீண்டும் எழுதி, அடைவை நடைமுறைக்குக் கொணர்ந்தால் வட்டு முழுமையாகத் திரும்பும். இதற்கு இரண்டு தடைகள் உண்டு. அவ்விடம் அதற்குள் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அல்லது டிர்மெயின்ட் மென்பொருள், விடுவிக்கப்படும் இடத்தைத் துடைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். பழைய அடைவுக் கோப்பின் அச்சுப்படி ஒன்றைக் கணினிக்கு வெளியே வைத்திருப்போர்க்கு இம்மீட்பு சில நிமிட வேலை. அது இல்லாதவர்கள் உருளை உருளையாகத் தேட வேண்டியிருக்கும்.