பாட்டினால் கூடும் ஊர்: அமெரிக்கப் பெண்களின் பார்பர்ஷொப் பாடகர் குழாம்கள்

ஐக்கிய அமெரிக்காவின் பல ஊர்களில், வாரத்தில் ஒரு மாலை வேளையில், பெண்கள் சிலர் ஏதாவதொரு மண்டபத்தில் ஒன்றுகூடுகின்றனர. ஆசிரியை, தாதி, கடையில் வேலை செய்பவர், பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டி எனப் பலரும் அவர்களுள் இருப்பர். வாத்தியம் எதுவும் இல்லை. சுருதி கொடுக்கும் சிறிய ஊதுகருவி ஒன்று மட்டும் ஒலிக்கும். அதைத் தொடர்ந்து நான்கு குரல்களில் பாட்டு எழும். இதுவே பெண்களின் 'பார்பர்ஷொப்' பாடகர் குழாம். இக்குழாம்கள் ஊரோடு எவ்வாறு உறவு கொள்கின்றன, வேண்டிய நிதியை எவ்வாறு திரட்டுகின்றன என்பதை இங்கே நோக்குவோம்.

பெயரும் தோற்றமும்

'பார்பர்ஷொப்' என்றால் முடிதிருத்தும் நிலையம். முற்காலத்தில் ஆண்கள் தம் முறை வரும்வரை அங்கே காத்திருந்து, கூடிப் பாடிப் பொழுது போக்கியதால் இப்பெயர் வந்தது. இவ்விசையின் வேர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கறுப்பின அமெரிக்கரிடையே உள்ளன என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர்.

1938ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், இம்முறையைப் பேணுவதற்கென ஆண்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களது மனைவியர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க விரும்பவில்லை. 1945இல் அதே நகரில் எட்னா மே அண்டர்சன் என்பவர் பெண்களைக் கூட்டித் தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1903இல் வெளிவந்த புகழ்பெற்ற பாடல் ஒன்றின் பெயரைத் தழுவி அதற்கு 'ஸ்வீட் அடெலைன்ஸ்' எனப் பெயரிட்டனர். இன்று அது பல நாடுகளில் கிளைகளைக் கொண்ட அமைப்பாகும்.

நான்கு குரல்கள்

ஆலயப் பாடகர் குழாமில் மெட்டு பெரும்பாலும் மேற்குரலிலேயே அமையும். இங்கே மெட்டைப் பாடுபவர் 'லீட்'. அவருக்கு மேலே மெல்லியதாக 'டெனர்' பாடுவார். அடித்தளமாக 'பேஸ்' நிற்கும். இடையில் விடுபட்ட சுரத்தை நிரப்புபவர் 'பரிட்டோன்'. ஆண் குரல்களுக்குரிய இப்பெயர்களையே பெண்களும் பயன்படுத்துகின்றனர்.

வாத்தியம் இல்லாமையால் ஒவ்வொருவரும் மற்றவருக்குச் செவிகொடுத்தே தம் சுரத்தைச் சரிசெய்ய வேண்டும். சுரங்கள் நன்கு பொருந்தும்போது, எவரும் பாடாத ஓர் உயர்ந்த ஒலி மேலே கேட்கும். குரல்களின் மேலொலிகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதே அதற்குக் காரணம். ஒருவர் தம் குரலை மட்டும் உயர்த்தினால் அவ்வொலி மறைந்துவிடும்.

ஊரின் நடுவே

இக்குழாம்கள் போட்டிகளுக்காக மட்டும் பயிற்சி பெறுவதில்லை. முதியோர் இல்லங்கள், வைத்தியசாலைகள், நத்தார்காலக் கடைத்தெருக்கள், விளையாட்டு மைதானங்கள் எனப் பல இடங்களிலும் பாடுகின்றன. முதியோர் இல்லங்களில் பழைய பாடல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நினைவு மங்கி, பேசுவதையே குறைத்துக்கொண்ட ஒருவர், இளமையில் கேட்ட பாட்டின் அடியைத் தாமும் சேர்ந்து பாடுவது உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகள் பலவும் இலவசமாகவோ சிறு அன்பளிப்புக்காகவோ நடைபெறுகின்றன.

பணம் வரும் வழி

பாட்டுக்குச் செலவில்லை என எண்ணுதல் தவறு. மண்டப வாடகை, இசை நெறியாளருக்கான கொடுப்பனவு, பாடல்களுக்கான உரிமைக் கட்டணம், மேடை உடை, போட்டிகளுக்கான பயணம் எனச் செலவுகள் நீளும். உறுப்பினரின் சந்தாப் பணம் இவற்றுக்குப் போதாது. எனவே வருடாந்த இசை நிகழ்ச்சி நடத்தி நுழைவுச்சீட்டு விற்பர். நிகழ்ச்சி மலரில் உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரம் இடம்பெறும். இடைவேளையில் வீட்டில் செய்த கேக் விற்பனையும் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பும் நடப்பதுண்டு.

பெப்ரவரி 14ஆம் திகதி காதலர் தினத்தில் வேறொரு வழியும் உண்டு. முன்கூட்டியே பணம் செலுத்தியவரின் வேண்டுகோளின்படி நான்கு பாடகியர் ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ சென்று, ஓரிரு பாடல்களைப் பாடி, பூவும் வாழ்த்தும் கையளித்து வருவர். முதலீடு மிகச் சிறிது, பார்த்தவர் மறப்பதுமில்லை.

சில குழாம்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஊரின் நற்பணிகளுக்கு வழங்குகின்றன. சில நிகழ்ச்சிகளில் வறியோருக்கான உணவுப்பொருள் சேகரிக்கப்படும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் செலவுக்கான பணம் எது, பிறர் உதவிக்கான பணம் எது என்பதைச் சீட்டு விற்கும்போதே தெளிவாகச் சொல்லும் குழாம், அடுத்த ஆண்டும் அதே கதவைத் தட்டலாம்.

மூடப்பட்ட கதவு

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. 1958இல் ஸ்வீட் அடெலைன்ஸ், வெள்ளையினப் பெண்கள் மட்டுமே உறுப்புரிமை பெறலாம் எனத் தன் யாப்பில் எழுதிக்கொண்டது. கறுப்பின மக்களிடமிருந்து வளர்ந்த இசையைப் பாடுவதற்கே கறுப்பினப் பெண்களுக்கு அனுமதியில்லை! இதனை ஏற்காத சில கிளைகள் வெளியேறி, 1959இல் றோட் ஐலண்ட் மாநிலத்தில் 'ஹார்மனி இன்கோர்ப்பரேட்டட்' என்ற புதிய அமைப்பைத் தோற்றுவித்தன. பழகிய தோழியரையும் பெரிய போட்டி மேடைகளையும் விட்டு விலகுவது அப்பெண்களுக்கு எளிதான முடிவாக இருந்திராது. தாய்ச் சங்கம் அத்தடையை நீக்கியது 1966இலேயே. ஆண்களின் சங்கமோ 2018இல்தான் பெண்களுக்கு முழு உறுப்புரிமை வழங்கியது.

முதியோருக்காகப் பாடுவதும் நற்பணிக்கு நிதி சேர்ப்பதும் நல்லவையே. ஆயினும் அந்த ஆண்டுகளில் மேடையில் நின்று பாடியவர்கள், தம் ஊரிலேயே வாழ்ந்த சில பெண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஊரின் பெயரால் பணம் கேட்கும் எந்தக் குழுவும், அந்த ஊரில் யாருக்குத் தன் கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. 1959இல் வெளியேறிய பெண்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்த்தார்கள்.