சப்-ஜெயில் கேட்டைத் தாண்டினா உயிருக்கு யார் பொறுப்பு?

விளாத்திகுளத்துல இருந்து எட்டயபுரம் வழியா போனா கோவில்பட்டி. 2020 ஜூன் 20-ம் தேதி சாத்தான்குளம் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் அடைத்தது அங்கே இருக்கிற கிளைச் சிறையில்தான்.

ஊரடங்கு நேரம் தாண்டியும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வழக்கு. காவல் நிலையத்தில் அடி. ஆனாலும் அரசு டாக்டர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், சிறைக் கதவும் திறந்தது. 22-ம் தேதி இரவு மகன், மறுநாள் அதிகாலை அப்பா என இருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். போலீஸார் 9 பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அடித்தவர்களைப் பற்றி நிறைய பேசிட்டோம். இடையில் கையெழுத்து போட்டவர்களைப் பற்றிப் பேசினது கம்மி.

சட்டத்தில் குழப்பமே இல்லை. கைதானவர் யார் பொறுப்பில் இருக்கிறாரோ, அவருடைய உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு (பிஎன்எஸ்எஸ் பிரிவு 56). சிறைக்குள் வரும் கைதியின் உடம்பில் காயம் இருந்தா பதிவு செய்யணும்னு 1894-ம் வருஷ சிறைச் சட்டமே சொல்லுது. வெள்ளைக்காரன் காலத்து விதி! ஆனா நோட்டில் எழுதிட்டா மட்டும் கடமை முடிஞ்சிடுமா? ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாமா?

உங்க வீட்டில் யாராவது கைதானா, மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்க. கைதானவருக்கோ அவர் சொல்லும் நபருக்கோ டாக்டர் அதைக் கொடுத்தே ஆகணும் (பிரிவு 53). ரிமாண்டுக்கு முன்னாடியே கேட்கிறது நல்லது.