சபையை விட்டுச் செல்பவர் எதை எடுத்துச் செல்கிறார்?

கம்பம் பள்ளத்தாக்கிலே கத்தோலிக்க மறை இன்று நேற்று வந்ததன்று. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களிலே தலைமுறை தலைமுறையாகக் கோவிலைச் சுற்றியே வாழ்க்கை அமைந்து வந்திருக்கிறது. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், அடக்கம், ஆண்டுத் திருவிழா, தாத்தாவும் பாட்டியும் துயில்கொள்ளும் கல்லறைத் தோட்டம் ஆகிய இவையனைத்தும் ஒரே பங்கின் எல்லைக்குள் அடங்கியவை. ஆகவேதான், ஒரு குடும்பத்தில் ஒருவர், "இனி நான் இந்தக் கோவிலுக்கு வரமாட்டேன், வேறொரு சபையில் சேரப்போகிறேன்" என்று சொல்லும்போது, அது அவர் ஒருவரின் காரியமாக நின்றுவிடுவதில்லை. தங்கையின் திருமணப் பேச்சும், தாயின் கண்ணீரும், உறவினரின் ஏச்சும் உடனே அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

அத்தகைய வேளையில் வீட்டிலே வழக்கமாக மூன்று கேள்விகள் எழும். யார் இவனைக் கெடுத்தார்கள்? என்ன கொடுத்து இழுத்தார்கள்? ஊர் என்ன சொல்லும்? நான்காவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. "தம்பி, நீ எதை விசுவசிக்கிறாய்? அந்த விசுவாசம் இங்கே உனக்கு ஏன் கிட்டவில்லை?" என்பதே அது. முதல் மூன்றும் நம் மானத்தைப் பற்றியவை. நான்காவது ஒன்றே அவனுடைய ஆன்மாவைப் பற்றியது.

நெடுநாள் இருந்த சபையை ஒருவர் மனச்சான்றின் பொருட்டு விட்டுச் செல்வது எத்தகையது என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைக் கடந்தால் கேரள நாடு. ஏலத்தோட்ட வேலைக்கு நம் மக்கள் போய்வரும் அந்நாட்டிலே சீரிய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் பல சபைகள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய சீரோ மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு, ஓர் ஆயர் தம் பழைய சபையை விட்டு வெளியேறியதிலிருந்தே தொடங்குகிறது.

மார் இவானியோஸ்

அவர் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் மாவேலிக்கரையிலே பணிக்கர் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே எம்.ஏ. பட்டம் பெற்றார். குருக்களிடையே அப்பட்டம் அரிதாயிருந்த அக்காலத்தில் மக்கள் அவரை 'எம்.ஏ. அச்சன்' என்றே அழைத்தனர். வங்காளத்தின் செராம்பூர்க் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றித் திரும்பியபின், 1919-இல் ரான்னி பெருநாட்டு மலைப்பகுதியிலே பெத்தானி ஆசிரமத்தை நிறுவினார். 1925-இல் பெண்களுக்கும் ஒரு துறவு சபையை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் ஆயர் திருநிலையும் பெற்றார்.

அக்காலத்தில் அவருடைய மலங்கரைச் சபையோ வழக்குமன்றத்திலே நின்றுகொண்டிருந்தது. அந்தியோக்கியாவின் பிதாப்பிதாவைச் சார்ந்தோர் ஒரு புறமும், உள்நாட்டு மெத்திராப்போலீத்தாவைச் சார்ந்தோர் மறுபுறமுமாக அது பிளவுபட்டிருந்தது. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் முதலீடு செய்யப்பட்டிருந்த 3,000 பூவராகனுக்கு உரிய வட்டிப் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்ற வழக்கு 1913-இல் தொடங்கி 1928 வரை நீடித்தது. ஒரே பலிபீடத்தைச் சுற்றி வளர்ந்த மக்கள் பகைவராயினர். இக்குழப்பத்தின் நடுவே, ஒருமைப்பாடு இல்லாத இடத்திலே திருச்சபையின் உயிர் எங்ஙனம் தழைக்கும் என்ற வினா அவருடைய உள்ளத்தை அரித்தது.

அவர் ஒரே நாளில் முடிவெடுத்துவிடவில்லை. தனியாக ஓடிவிடவும் இல்லை. 1926-இல் பருமலையில் கூடிய ஆயர்களே உரோமையோடு கடிதத் தொடர்பு கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். தங்கள் பழைய வழிபாட்டு முறை காக்கப்பட வேண்டும், ஆயர்களின் உரிமை நிலைக்க வேண்டும் என்பன அக்கடிதங்களின் முக்கிய கோரிக்கைகள். 1930-இல் இசைவான மறுமொழி கிடைத்தபோதோ, உடன் ஆயர்களில் மார் தெயோபிலோஸ் ஒருவரே அவரோடு நின்றார். அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் கொல்லத்து ஆயர் இல்லச் சிற்றாலயத்திலே, ஆயர் பென்சிகர் முன்னிலையில் கத்தோலிக்க விசுவாச அறிக்கை செய்தவர்கள் ஐவரே: இரண்டு ஆயர்கள், ஒரு குரு, ஒரு தியாக்கோன், ஒரு பொதுநிலையினர்.

அவர் விட்டுச் சென்றவை யாவை? தாமே கட்டியெழுப்பிய பெத்தானி மலையை விட்டார். அந்த ஆசிரமம் இன்றும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினரிடமே இருக்கிறது. தம்மை வளர்த்த பெரியோரின் அன்பையும், தம்மைத் தலைவராகக் கொண்டாடிய மக்களின் மதிப்பையும் விட்டார். எடுத்துச் சென்றவையோ தம் முன்னோரின் சீரிய வழிபாடும், துறவு உடையும், செபமுமே ஆகும். 1932-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவர்களுக்கெனத் தனி ஆட்சியமைப்பை நிறுவினார். மார் இவானியோஸ் 1953 ஜூலை 15-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். தமிழ் பேசும் மலங்கரைக் கத்தோலிக்கருக்கென 1996-இல் மார்த்தாண்டம் மறைமாவட்டம் உருவாயிற்று.

நியூமனின் ஆறு ஆண்டுகள்

இங்கிலாந்தின் ஜான் ஹென்றி நியூமனும் இவ்வழியே நடந்தவர். ஆங்கிலிக்கன் சபையின் புகழ்பெற்ற போதகராயிருந்த அவருக்கு 1839-இல் முதல் ஐயம் எழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டதோ 1845 அக்டோபர் 9-ஆம் நாள்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் படிப்பும் செபமும் மௌனமுமாகக் கழிந்தன. அவர் செலுத்திய விலையும் சிறிதன்று. உடன்பிறந்த சகோதரி ஹேரியட் அவரோடு உறவை முறித்துக்கொண்டார். உயிர்த் தோழர் கீபிள் பழைய சபையிலேயே தங்கிவிட்டார். எனினும், இருபது ஆண்டுகள் கழித்து, 1865-இல், நியூமனும் கீபிளும் ப்யூசியும் ஒரே மேசையில் மீண்டும் அமர்ந்தனர். சபைகள் வேறுபட்டன, நட்பு மாளவில்லை. நியூமன் 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மனச்சான்று என்பது மனம்போன போக்கன்று என்று 1875-இல் வலியுறுத்தி எழுதியவரும் அவரே. ஒரு பாடகர் குழுவில் இடம் கிடைக்கவில்லை, ஒரு திருவிழாக் கணக்கில் சண்டை மூண்டது என்பதற்காகச் சபை மாறுவது மனச்சான்றின் செயலாகாது. அது கோபத்திற்கு ஒரு புதிய முகவரி தேடுவதேயாகும்.

அவமதிப்பால் விளைந்த பிரிவு

ஆயினும் கோபம் எல்லாவற்றையும் நாம் இகழ்ந்து தள்ளிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையிலே அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, நாசரேத்தில் மிஷனெரியோடு ஏற்பட்ட பூசலால் பணியிழந்தவர். தம் சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்து கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் அவரையும் பலரையும் புண்படுத்தியது. 1857-இல் அவர் தம்மவரோடு ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்து, மேனாட்டுக் குருக்கள் இல்லாத தனிச் சபையொன்றைக் கண்டார்; அங்கே சனிக்கிழமையே ஓய்வுநாளாயிற்று. அவருடைய போதனைகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் மேய்ப்பர்களின் சொல்லே மந்தையைச் சிதறடிக்கக்கூடும் என்ற பாடத்தை நாம் மறக்கலாகாது.

நம் பங்குகளிலும் இதை எண்ணிப் பார்ப்போம். நோயுற்றுக் கிடந்தபோது எட்டிப் பாராத பங்கு, அடக்கத்திலும் திருவிழாவிலும் சாதி பார்த்த பங்கு, இறைவார்த்தையை அறிய விரும்பியவனுக்கு அதைக் கற்பிக்க ஆளில்லாத பங்கு, "அவன் ஏன் போனான்?" என்று கேட்கும் முன்னர்த் தன்னையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டது. பிரிவினைகள் நேர்ந்தபோது இரு தரப்பாரிடமும் குற்றம் இருந்ததுண்டு என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964-இல் ஒப்புக்கொண்டது. 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியான சமய சுதந்திர அறிக்கை, விசுவாசத்தை எவர்மீதும் வலிந்து சுமத்தலாகாது என்று போதித்தது. அதே சங்கம், திருச்சபை மீட்புக்கு இன்றியமையாதது என உணர்ந்திருப்பவர் அதைவிட்டு விலகலாகாது என்றும் உரைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்வதே கத்தோலிக்க நெறி.

வீட்டார் செய்யத்தக்கவை

வாசக அன்பர்களே, மார் இவானியோஸையும் நியூமனையும் நம்மிடம் வந்தவர்கள் என்று மகிழ்கிறோம். அவர்கள் விட்டுவந்த சபையாருக்கோ அவை துயர நாட்களாயிருந்தன. நம் வீட்டுப் பிள்ளை வேறிடம் செல்லும்போது நாம் படும் வேதனையே அவர்களும் பட்டது. ஆகவே வருகிறவரை ஓர் அளவுகோலாலும் போகிறவரை வேறோர் அளவுகோலாலும் அளப்பது நீதியாகாது.

எனவே, விலக எண்ணுகிறவரிடம் முதலில் காலம் கேளுங்கள். நியூமன் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். நம் பிள்ளை ஓர் ஆண்டேனும் காத்திருந்து, தன் ஐயங்களைப் பங்குத் தந்தையிடம் மனம் திறந்து பேசட்டும். அடுத்து, அவர் எதை விடுகிறார், எதை எடுத்துச் செல்கிறார் என்று கவனியுங்கள். பதவியையும் ஆதாயத்தையும் விட்டு, அன்பையும் செபத்தையும் எடுத்துச் செல்பவரின் நேர்மையை ஐயுறல் ஆகாது. வசையையும் பகையையும் சுமந்து செல்பவருக்கு, அந்தச் சுமை புதிய இடத்திலும் இறங்காது என்பதை அன்போடு எடுத்துரையுங்கள்.

அதற்குப் பின்னும் அவர் சென்றுவிட்டால், சோற்றிலும் சொத்திலும் அவரைத் தண்டிக்காதீர்கள். கிறிஸ்து பிறப்பு நாளில் அவருக்கும் இலை போடுங்கள். தாய் இறந்தால் முதல் செய்தி அவருக்குப் போகட்டும். பாடை சுமக்கும் தோள்களில் அவர் தோளும் இருக்கட்டும். கத்தோலிக்கத் திருச்சபையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் 1989 முதல் ஒன்றாய் அமர்ந்து உரையாடி வருகின்றன. பலிபீடங்களைப் பற்றி வழக்காடிய வரலாறுடைய சபைகளே அங்ஙனம் அமர முடியுமானால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு திண்ணையில் அமர முடியாதா?