வயசான ஆடு வாயால் சொல்லாது



மேலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா உள்கடன் கேட்டார். எதற்கு என்றால், "ஆடு இளைச்சுக்கிட்டே போகுது, வைத்தியம் பாக்கணும்" என்றார். ஒன்பது வயது வெள்ளாடு. "கிழட்டு ஆட்டுக்குக் கடனா? வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்கு ஏத்தி விடுக்கா" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. அவர் வீட்டில் இப்போது நிற்கிற மூன்று பெட்டை ஆடுகளும் அது போட்ட குட்டிகள்தான்.

கால்நடை டாக்டர் வந்தவுடன் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். முன்பல்லில் மூன்றைக் காணோம். கேட்ட கடனில் பாதிகூடச் செலவாகவில்லை, தீனியை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு இருக்கும். சுமார் நாலு வயதில் எட்டும் நிலைப்பல் ஆகிவிடும். அப்புறம் தேய்ந்து, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக விழும். அப்படிப்பட்ட ஆடு மேயப் போகும், ஆனால் வயிறு நிறையாது. கடைவாய்ப்பல் கெட்டிருந்தால் மென்ற தழை வாயிலிருந்து உதிரும், கன்னத்தில் அடைந்து புடைப்பாகத் தெரியும். அதைத் தனியாகக் கட்டித் தீனி போடுங்க, இல்லையென்றால் இளசுகள் முட்டித் தள்ளிவிடும். அகத்தித் தழையைப் பொடியாக நறுக்கியும், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்தும் கொடுக்கலாம். பாவம் பார்த்துச் சோற்றை அள்ளி வைத்துவிடாதீங்க. அரிசிச் சோறு அதிகமானால் வயிற்றில் புளித்துப்போய், நல்ல ஆடுகூட ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். பொங்கல், கல்யாண மிச்சத்தால் போகிற ஆடுகள் எத்தனை!

அடுத்து கண். கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி, வெயில் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பாருங்க. சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறி வெள்ளையாக இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழுதான் பெரும்பாலும் காரணம். தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கினாலும் அதே சந்தேகம் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்த இமை நிறத்துக்கு ஓர் அட்டையே தயாரித்து, எந்த ஆட்டுக்குப் புழு மருந்து வேண்டும் என்று பார்க்கிறார்கள். மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். எடைக்குத் தக்க அளவைக் கேட்டுக் கொடுங்க. குறைவாகக் கொடுத்துப் பழக்கினால் புழு சாகாது. சினை ஆடு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

காய்ச்சலைக் காதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆட்டுக்குச் சாதாரணமாகவே 102, 103 டிகிரி இருக்கும், நம் கைக்குச் சுடத்தான் செய்யும். தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வயிறு உப்பியது என்று எங்கள் அம்மா ஒரு கிழ ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றினார். பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்தது நான்தான். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டது. இருமி இருமி மூன்றாம் நாள் செத்தது. உப்புசத்தில் அது சாகவில்லை, நாங்கள் ஊற்றியதில் செத்தது. தலையை உயர்த்தி எதையும் ஊற்றாதீங்க. இருமும் ஆட்டுக்கு, எழ முடியாத ஆட்டுக்கு வாய்வழியாக ஒன்றுமே கொடுக்க வேண்டாம்.

இடது வயிறு மத்தளம் மாதிரி உப்பினாலோ, ஒரு பொழுது முழுக்க அசை போடாமல் நின்றாலோ, படுத்தது எழாவிட்டாலோ மறுநாள் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1962க்குப் போன் செய்தால் காசு கிடையாது, கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும் இருக்கிறது, ஆடு வளர்ப்பு சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

ஊசி போட்ட ஆட்டை விற்பதானால், எத்தனை நாள் கழித்துக் கறிக்குத் தரலாம் என்று டாக்டரிடமே கேட்டுக் குறித்துவையுங்க. பாலுக்கும் இது உண்டு.